எழுத வருகிறது, பேச வரவில்லை: கொங்குக் கிராமப் பள்ளிகளின் ஆங்கிலம்

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வட மாநிலங்களுக்கெல்லாம் போகின்றன. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவையும் உண்டு. வண்டியோடு போகிற ஆட்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். சில மாதம் கழித்து ஊர் திரும்பும்போது அவர்களுக்கு இந்தியில் கூலி பேசத் தெரிந்திருக்கும், டீசல் கணக்குச் சொல்லத் தெரிந்திருக்கும், இன்னும் நூறு அடி இறக்கினால்தான் தண்ணீர் வரும் என்று நிலத்துக்காரரிடம் வாதாடவும் தெரிந்திருக்கும். இந்தியில் ஓர் எழுத்தைக் காட்டினால் தெரியாது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் தெலுங்கும் கன்னடமும் பேசக் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். யாரும் அவர்களுக்கு இலக்கணம் நடத்தவில்லை.

அதே குடும்பத்துப் பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிக்கிறான். விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறான், செய்யுளில் எதுகை மோனை எடுத்துக் காட்டுகிறான், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுகிறான். பொதுத் தேர்வில் எழுபது மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறான். ஊருக்கு வந்த வெளிமாநிலத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால், பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறான்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் பழக்கமானவை. ஆசிரியருக்கே பேச வராது, வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது, தமிழ் வழியில் படித்தால் அப்படித்தான், அடிப்படை இலக்கணம் சரியில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால் நிற்கிற காரணம் வெறும் கணக்கு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் ஆளுக்கு எண்பது வினாடிதான் கிடைக்கும். பாதி நேரம் ஆசிரியர் பேசினால் நாற்பது வினாடி. தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச வேலை நாட்கள் 200. ஆக, ஒரு குழந்தை ஆண்டு முழுவதும் ஆங்கிலம் பேசக்கூடிய நேரம் இரண்டேகால் மணி. இதுவும் ஆசிரியர் தவறாமல் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசவைத்தால்தான். நடைமுறையில் முன்வரிசையில் இருக்கும் நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 'யெஸ் மிஸ்' என்பார்கள்.

ரிக் வண்டியில் போனவருக்கு இரண்டேகால் மணி நேரப் பேச்சு முதல் மூன்று நாட்களிலேயே கிடைத்திருக்கும்.

கிராமப் பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். தாராபுரம், காங்கேயம் பக்கத்து மேட்டாங்காட்டு ஊர்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவும் இந்த அளவுக்குள் அடங்குபவை. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும்போது ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்க, மற்ற வகுப்புகள் அமைதியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அமைதியாக எழுதுவது கணக்குக்குப் பொருந்தலாம். பேச்சைக் கற்பதற்கு அமைதியைப் போலப் பகை வேறில்லை.

பழைய முயற்சிகள்

தமிழ்நாட்டின் பள்ளி மொழி வரலாற்றில் கொங்கு மண்ணைச் சேர்ந்த இரண்டு அமைச்சர்களுக்கு முக்கியமான இடம் உண்டு. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கும் வேலையை முன்னெடுத்தார். பின்னாளில், 1950களில் தொடங்கி 1962 வரை கல்வித் துறையைக் கவனித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில், 1950களின் இறுதியில், தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் பெரிய இயக்கம் ஒன்று தொடங்கியது. முதலில் ஒரு சிறு குழு பயிற்சி பெறும், அந்தக் குழு இன்னொரு பெரிய குழுவுக்குச் சொல்லித்தரும், அது அடுத்த வட்டத்துக்கு. இப்படி உருண்டு பெருகும் என்பதால் மொழிக் கல்வி உலகில் அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வந்தது. பனிப்பொழிவைப் பார்த்தறியாத மாநிலத்துக்கு இப்படி ஒரு பெயர்.

அந்த இயக்கம் கொண்டுவந்தது வாக்கிய அமைப்பு முறை. 'திஸ் இஸ் எ புக்', 'தட் இஸ் எ ட்ரீ' என்று எளிதிலிருந்து கடினத்துக்கு வாக்கியங்களை வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டிச் சொல்லவைத்து, பலமுறை திரும்பச் சொல்லவைப்பது. அதுவரை இருந்த மொழிபெயர்ப்பு முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். பிள்ளைகளின் வாயில் முதன்முதலாக முழு வாக்கியம் வந்தது. ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவரிடம் 'இது புத்தகம்' என்று சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. சொன்னதால் எதுவும் நடப்பதில்லை. சொல்லாவிட்டால் எதுவும் நின்றுபோவதில்லை. அதோடு, பயிற்சி ஒவ்வொரு வட்டமாக இறங்கும்போது நீர்த்துக்கொண்டே வந்தது. கடைசி வட்டத்து ஆசிரியருக்கு வாக்கியப் பட்டியல் கிடைத்தது, அதை எப்படி நடத்துவது என்கிற பிடி கிடைக்கவில்லை. பட்டியல் கரும்பலகைக்குப் போனது, அங்கிருந்து நோட்டுக்குப் போனது. இன்றும் பல பள்ளிகளில் அது நோட்டில்தான் இருக்கிறது.

இந்த முறையின் போதாமையை நேரடியாகக் கேள்வி கேட்டவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த அவர், பெங்களூரில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை ஒரு சோதனையை நடத்தினார். நடந்தது வசதியான கான்வென்ட்டுகளில் அல்ல, தாய்மொழி வழியில் பாடம் நடந்த சாதாரணப் பள்ளிகளில். அவருடைய வகுப்பில் இலக்கணப் பாடமும் இல்லை, வாக்கியப் பட்டியலும் இல்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து ஒருவர் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகள். பிள்ளைகளின் மனம் விடையைத் தேடுவதில் மூழ்கியிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. இப்படி வேலை கொடுத்து மொழி கற்பிக்கும் முறையைப் பற்றி உலகெங்கும் இன்று எழுதுபவர்கள் இந்தத் தென்னிந்தியச் சோதனையைக் குறிப்பிடாமல் தொடங்குவதில்லை. நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பெயர் எத்தனை முறை காதில் விழுகிறது என்பது வேறு கதை.

பிரபு, பிள்ளைகளைத் தங்களுக்குள் இணையாகப் பேசவிடுவதை அவ்வளவாக விரும்பவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தார். ஆசிரியரோடு பேசுவதே நல்லது என்பது அவர் பக்கம். இந்த இடத்தில் மட்டும் நான் அவரோடு மாறுபடுகிறேன். ஆசிரியரும் ஆங்கிலம் பேசத் தயங்குகிற ஒரு பள்ளியில் அவரோடு மட்டும் பேசு என்றால் பேச்சே இருக்காது. பதினைந்து இணைகள் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டேகால் மணி நேரமாக இருந்தது பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. பிழையோடு பேசிய பதினாறரை மணி நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அண்மைத் திட்டங்களுக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தது, அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துப் படிக்கவைத்தது. வகுப்பறையின் பயத்தைக் குறைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆங்கிலப் பேச்சுக்கு மட்டும் அது போதவில்லை. அட்டை பதில் பேசாது. கொரோனாவுக்குப் பின் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்களைக் கொண்டு வகுப்பு நடத்தியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்துப் பிரிப்பது பல வகுப்புகள் ஒன்றாக உட்காரும் பள்ளிக்குப் பொருத்தமான ஏற்பாடு. அதில் தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் உண்டு, பாட்டும் விளையாட்டும் உண்டு. கவனம் அதிகமும் வாசிப்பின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசிப்பை எளிதில் அளக்கலாம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் ஆய்வு 2022இல், கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 24.5 சதவீதம் பேரால்தான் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிகிறது என்று கண்டது. 2016இல் அது 24.7. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எத்தனை பேரால் ஒரு வாக்கியம் பேச முடிகிறது என்பதை அது அளக்கவில்லை.

சொல் இருக்கிறது, வாக்கியம் இல்லை

கொங்குக் கிராமத்துக் குழந்தைக்கு ஆங்கிலச் சொல் தெரியாது என்பது சரியல்ல. பஸ், டிக்கெட், மோட்டார், சுவிட்ச், பைப், டேங்க், டிராக்டர், லோடு, பில், சார்ஜ் என்று வீட்டிலும் காட்டிலும் புழங்குவதை எண்ணத் தொடங்கினால் நூறு நூறாகப் போகும். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊரென்றால் கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஷிப்ட், பீஸ் ரேட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆனால் இவை அத்தனையும் தமிழ் வாக்கியத்துக்குள் குடிவந்த பெயர்கள். மோட்டாரைப் போடு, பில்லைக் கொடு என்றுதான் வரும். ஆகவே ஆப்பிள், பால், கேட் என்று படம் காட்டிச் சொல்லுக்கு மேல் சொல் ஏற்றுவது பெரிய உதவி அல்ல. இல்லாதது வாக்கியச் சட்டகம்: 'கிவ் மீ', 'வேர் இஸ்', 'கேன் ஐ', 'ஐ வான்ட்', 'தேர் இஸ்', 'டூ யூ ஹேவ்'. பத்துப் பன்னிரண்டு சட்டகம் நாக்கில் படிந்துவிட்டால், ஏற்கனவே தெரிந்த நூறு பெயர்களும் அவற்றில் போய் உட்காரும். இவற்றை இலக்கணமாகப் பிரித்துக் காட்டாமல், 'வாட் இஸ் யுவர் நேம்' எப்படி ஒரே மூச்சாகப் படிந்ததோ அப்படியே முழுதாகப் படியவிட வேண்டும்.

எந்தச் சட்டகத்தை முதலில் எடுப்பது என்பதைத் தமிழைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பாடநூல் பெரும்பாலும் 'திஸ் இஸ்' என்று தொடங்குகிறது. குழந்தை பேச விரும்புவது தன்னைப் பற்றி. தமிழில் தன்னைப் பற்றிய வாக்கியங்களில் பாதி 'எனக்கு' என்று தொடங்கும். எனக்குப் பசிக்கிறது, எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குக் காய்ச்சல், எனக்கு இரண்டு தங்கைகள். ஆங்கிலத்தில் இந்த ஆறும் 'ஐ' என்று தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஒன்றில் 'ஆம்', இரண்டில் 'ஹேவ்', மற்றவற்றில் வேறு வேறு வினைகள். குழந்தை 'மீ ஹங்க்ரி' என்றும் 'மை டூ சிஸ்டர்' என்றும் சொன்னால் அது மந்தமல்ல, தமிழை வைத்துச் செய்த நல்ல ஊகம். 'ஹேவ்' என்பதற்கு நேராகத் தமிழில் ஒரு வினையே இல்லை. எங்களிடம் நான்கு ஆடுகள் இருக்கின்றன என்று இருப்பைத்தான் சொல்கிறோம். இந்த ஒரு இடத்தில் ஆசிரியர் ஐந்து நிமிடம் தமிழிலேயே விளக்கிவிடலாம். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்கிற விறைப்பு எனக்குப் புரிவதில்லை. ஒரு நிமிடத்தில் தமிழில் தெளிவதை அரை மணி நேரம் அபிநயம் பிடித்து விளக்குவதால் யாருக்கு லாபம்?

'என் பெயர் கவின்' என்பதில் வினை இல்லை. ஆகவே 'மை நேம் கவின்' என்று 'இஸ்' விழுந்துபோகும். கேள்வி கேட்கத் தமிழில் கடைசியில் 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்', 'இஸ்' என்று ஒன்று முன்னால் ஓடிவர வேண்டும். பிள்ளைகள் 'யூ கமிங்?' என்று குரலை உயர்த்திக் கேட்பார்கள். முதல் ஆண்டில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்பேன். கேட்டது புரிந்தது, பதில் வந்தது. திருத்தத்துக்குக் காலம் இருக்கிறது.

இலக்கணத்தைவிடக் கொங்குப் பிள்ளைகளை அதிகம் தடுப்பது இன்னொன்று. இங்கே பெரியவர்களிடம் பேசும்போது 'ங்க' இல்லாமல் வாக்கியம் முடியாது. ஆமாங்க, இல்லைங்க, சரிங்க என்றுதான் நாக்கு பழகியிருக்கிறது. மூன்று வயதிலேயே வீட்டில் அப்படிப் பழக்கிவிடுகிறார்கள். அந்தக் குழந்தையை எழுப்பி ஆசிரியரைப் பார்த்து 'யூ' என்று சொல்லச் சொன்னால் கூசும். மொட்டையாக 'நோ' என்று சொன்னால் எதிர்த்துப் பேசியது போலத் தோன்றும். சில பிள்ளைகள் 'யெஸ்ங்க மிஸ்' என்று சமாளிப்பதைப் பார்க்கலாம். சிரிக்கத் தோன்றினாலும், மரியாதையை எங்கே வைப்பது என்று தேடுகிற பிள்ளை அது. 'ப்ளீஸ்', 'மேடம்', 'கேன் ஐ', 'சாரி' ஆகியவற்றை முதல் மாதமே கொடுத்துவிட்டால், மரியாதைக்கு ஆங்கிலத்திலும் இடம் இருக்கிறது என்று பிள்ளை தெரிந்துகொள்ளும். பேச்சைப் பிள்ளைகளுக்குள் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வா, போ என்று பேசிக்கொள்கிற இரண்டு பேருக்கு நடுவில் 'யூ' உறுத்தாது.

ஒலிக்கு வருவோம். பிள்ளைகள் ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆசிரியர்கள் சிலர் அதை அழிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. இந்தக் கட்டுரையிலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் தமிழ் எழுத்துக்கு எல்லை உண்டு. ஆட்டுக்கும் மேலங்கிக்கும் தமிழில் எழுதினால் ஒரே 'கோட்'தான். சொல்லின் முதலில் வரும் வல்லெழுத்தை அதிர்வோடு ஒலிப்பதா, அதிர்வில்லாமல் ஒலிப்பதா என்பது தமிழில் பொருளை மாற்றாததால் குழந்தையின் காது அந்த வேறுபாட்டைக் கவனிக்கப் பழகவில்லை. சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும்: பஸ்ஸு, புக்கு. முதலில் 'ஸ்' வந்து அதையொட்டி இன்னொரு மெய் வந்தால் இகரம் முந்திக்கொள்ளும்: இஸ்கூல். இவற்றை எழுத்தால் திருத்த முடியாது, காதால்தான் முடியும். தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகிய பிள்ளை, எழுதியபடியே ஒலிக்கும் என்று நம்பி ஆங்கிலத்திடம் ஏமாறுகிறது. இருபத்தாறு எழுத்து நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கிற மொழி அது. ஆகவே முதல் சில மாதங்களாவது கேட்பதும் சொல்வதும் முன்னால் போக, எழுத்து பின்னால் வருவது நல்லது. ஆசிரியருக்குத் தன் உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால் கைப்பேசியில் ஒரு சிறு ஒலிப்பதிவைப் போடலாம். ஒன்று மட்டும்: போட்டுவிட்டு, எல்லோரும் ஒன்றாகக் கத்தச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் கத்தும்போது தன் குரல் தனக்கே கேட்காது.

தேவையை உண்டாக்குவது

ரிக் வண்டிக்காரருக்கு மொழி வந்ததன் காரணம், அவருக்குத் தெரியாத ஒன்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் வேலை நடக்காது. வகுப்பறையில் இந்த இடைவெளி இல்லை. ஆசிரியர் கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்பது அவருக்கே விடை தெரிந்த கேள்வி. எனவே இடைவெளியைச் செய்ய வேண்டும். செலவு கிடையாது. கோபி பஸ் நிலையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் வண்டிகளின் நேரத்தை ஓர் அட்டையில் எழுதி ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்; எதிரில் இருக்கும் பிள்ளையிடம் வெறும் கட்டம் போட்ட அட்டை. கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும், அட்டையை எட்டிப் பார்க்கக் கூடாது. 'வென் இஸ் த ஃபர்ஸ்ட் பஸ்?' 'சிக்ஸ் ட்வென்டி.' அடுத்த நாள் அதே முறையில் வாரச் சந்தை: தக்காளி, கத்தரிக்காய், தேங்காய் விலை. 'ஹவ் மச் இஸ்' என்று தொடங்கி முடிவில் பேரமும் நடக்கும். பேரம் கொங்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

துணிப் பைக்குள் ஒரு விரலி மஞ்சள், ஒரு நிலக்கடலை, ஒரு பருத்திக் காய் என்று ஏதேனும் ஒன்றைப் போட்டு, கையை விட்டுப் பார்த்தவரிடம் மற்றவர்கள் கேட்கலாம். 'இஸ் இட் ஹார்ட்?' 'இஸ் இட் ஸ்மால்?' 'கேன் வீ ஈட் இட்?' இன்னொன்று கணக்கெடுப்பு. வகுப்புக்குள் நடந்து போய் ஒவ்வொருவரிடமும் 'டூ யூ ஹேவ் எ கோட்?' 'ஹவ் மெனி?' என்று கேட்டுக் கரும்பலகையில் பட்டியல் போடுவது. யார் வீட்டில் எத்தனை ஆடு, எத்தனை எருமை, யார் வீட்டில் விசைத்தறி என்பது உண்மையான தகவல்; ஆசிரியருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்தப் பட்டியலை மறுநாள் கணக்குப் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வகுப்புகள் ஒன்றாக உட்காரும் பள்ளியில் இதற்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது: மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'யெஸ்', 'நோ', 'டூ' என்று பதில் சொன்னால் போதும்.

நடுவில் புகுந்து திருத்துகிற கையைக் கட்டிப்போட வேண்டும். 'ஐ ஹேவ் டூ கோட்' என்றால் ஆசிரியர் 'ஓ, யூ ஹேவ் டூ கோட்ஸ்!' என்று ஆச்சரியப்பட்டுவிட்டு நகரலாம். திருத்தமும் ஆயிற்று, பேச்சும் நிற்கவில்லை. வகுப்பே சிரிக்கும்படி ஒரு குழந்தையைத் திருத்தினால் அன்று வாயை மூடுவது அந்தக் குழந்தை மட்டும் அல்ல.

தேவை இருந்தால் மொழி எவ்வளவு விரைவாக ஏறும் என்பதற்குத் திருப்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளே சான்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாமல் சேர்கிறார்கள். மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடியே சில மாதத்தில் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள், 'ங்க' உட்பட. தாளவாடி மலையில் கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை தமிழையும் பள்ளியில்தான் பழகுகிறது. அங்கே ஆங்கிலம் மூன்றாவது மொழி. அந்தப் பிள்ளைகளின் காது பல மொழிக்குப் பழகியது, ஆகவே பேச்சில் பின்தங்குவார்கள் என்று முன்கூட்டித் தீர்மானிப்பது தவறு.

இனி, காலை எட்டு மணிக்கு ஊருக்குள் வரும் மஞ்சள் வேன். மேனி வாடப் பாடுபட்டு, கறவை மாட்டுக் காசையும் தறிக் கூலியையும் கட்டணமாகக் கட்டுகிற பெற்றோர், பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டும் என்றுதான் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்றுமதி அலுவலகத்தில் பேசத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடக்கும் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் ஆங்கில வழி என்பதும் ஆங்கிலப் பேச்சு என்பதும் வேறு வேறு. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும், விடையை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். நீர்ச் சுழற்சி பற்றி அரைப் பக்கம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, 'எனக்குத் தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்ல வராது. தனியாருக்குப் போகும் கூட்டத்தைத் தடுக்க அரசுப் பள்ளிகளிலும் 2013-14 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. வந்ததும் அதே நிலைதான். அறிவியலும் கணக்கும் தமிழில் தெளிவாகப் புரிந்து, நாளுக்கு இருபது நிமிடம் ஆங்கிலம் வாயால் பேசுகிற பிள்ளை இரண்டிலும் முந்தும் என்பது என் கணிப்பு.

ஆசிரியர் பயிற்சி இன்றும் பனிப்பந்து வழியில்தான் உருள்கிறது. மாநிலத்தில் பயின்ற கருத்தாளர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் பயின்றவர் வட்டார வள மையத்துக்கும் வருகிறார். வட்டார வள மையத்தில் உட்காரும் ஆசிரியர்கள் காணொளி பார்க்கிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊர் திரும்புகிறார்கள். அந்த நாளில் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு மணி நேரமாவது ஆங்கிலத்தில் பேசினார்களா என்று கேட்டால் விடை சங்கடமாக இருக்கும். கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பெரிய ஆங்கிலப் புலமை தேவையில்லை; பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் பன்னிரண்டு சட்டகங்களைத் தடையின்றிப் பேசத் தெரிந்தால் முதல் ஆண்டு ஓடிவிடும். அதைப் பேசிப் பழகும் இடமாக அந்தப் பயிற்சி நாள் இருக்கலாம்.

கடைசியில் எல்லாம் தேர்வில் போய் முட்டும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்துத் தேர்வு. தேர்வில் இல்லாததை ஆசிரியர் நடத்தவில்லை என்று கோபிப்பதில் பயனில்லை. தொடக்க வகுப்பில் இந்தக் கட்டாயம் இல்லை. 2012-13இல் வந்த முப்பருவ முறை, மதிப்பெண்ணைப் பருவத்தின் ஊடே வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தது. அந்த நாற்பதில் பத்தைப் பேச்சுக்கென்று ஒதுக்கலாம். பிள்ளையைத் தனியாக அழைத்து மரத்தடியில் உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசுவது. நாலு கேள்வி ஆசிரியர் கேட்க, இரண்டு கேள்வி பிள்ளை திருப்பிக் கேட்க வேண்டும். திருப்பிக் கேட்பதற்கு மதிப்பெண் இல்லையென்றால் அதுவும் ஒப்பித்தலாகிவிடும். முப்பது பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் பருவத்துக்கு ஒரு மணி நேரம் செலவாகும். கேள்விகள் பாடநூலிலிருந்து வரக் கூடாது. வந்தால் அடுத்த பருவத்துக்குள் அதற்கும் ஒரு கைடு கடைக்கு வந்துவிடும்.